கோடை விடுமுறையில் ஃபோர்ட் கொச்சி: படகேறிப் போவதற்கு ஒரு வழிகாட்டி

ஃபோர்ட் கொச்சிக்குத் தோப்பும்படி வழியாகச் சாலையிலும் போகலாம். ஆனால் அந்த ஊர் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த ஊர். சாலை வழியாகப் போகிறவர் அதன் கொல்லைப்புறமாக நுழைகிறார். சங்கப் பாடல்கள் போற்றிய முசிறித் துறை 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தில் தூர்ந்துபோக, தெற்கே கொச்சி அழிமுகம், அதாவது காயல் கடலோடு சேரும் வாய், விரிந்து கப்பல்களுக்கு வழிவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. போர்ச்சுகீசியர், 1663-இல் டச்சுக்காரர், 1795-இல் ஆங்கிலேயர் என அடுத்தடுத்து இந்தத் துறைமுகம் கைமாறியது. ஆகவே எர்ணாகுளத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் படகுத்துறைக்கு ஆட்டோ பிடியுங்கள்.

படகுகள் இரு வகை. எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து புறப்படும் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகளில் கட்டணம் மிகக் குறைவு; பக்கவாட்டில் திறந்திருப்பதால் காயல் காற்று முகத்தில் அடிக்கும். உயர் நீதிமன்றத் துறையிலிருந்து செல்லும் வாட்டர் மெட்ரோ, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட மின்கலப் படகு. குளிரூட்டப்பட்டது, சத்தமே இல்லாதது. இரண்டிலும் பயணம் ஏறத்தாழ 20 நிமிடம்தான். போகும்போது அரசுப் படகில் போய், வெயிலில் களைத்துத் திரும்பும்போது வாட்டர் மெட்ரோவில் வருவதே என் பரிந்துரை. வாட்டர் மெட்ரோவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதில்லை என்பதால் விடுமுறை நாள்களில் வரிசை நீளும். காலை ஒன்பது மணிக்குள் துறைக்குப் போய்விடுவது நல்லது. இடப்பக்கம் தெரியும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. அழிமுகத்தை நெருங்கும்போது நீரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். டால்பின்கள் தலைகாட்டும் இடம் அது.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதில்தான் வார இறுதியில் வருபவர்கள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். ஃபோர்ட் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியிலுள்ள யூதர் வழிபாட்டுக்கூடம் வெள்ளியும் சனியும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. அங்குள்ள டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித பிரான்சிஸ் தேவாலயத்திலோ ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும். எனவே சனிக்கிழமையை ஃபோர்ட் கொச்சிக்கும் ஞாயிற்றுக்கிழமையை மட்டாஞ்சேரிக்கும் ஒதுக்கி, இடையில் ஓர் இரவு இங்குள்ள ஹோம்ஸ்டே ஒன்றில் தங்குங்கள். விடுமுறைக் காலத்தில் அறையை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும்.

சனிக்கிழமை துறையில் இறங்கியதும் கரையோரமாகச் சீனவலைகளுக்கு நடந்து செல்லலாம். அவை இயங்கும் விதத்தை அவசரமின்றி நின்று பாருங்கள். வலையைத் தாங்கும் நெடுங்கழிகளின் மறுமுனையில் கயிறுகளில் கற்கள் தொங்குகின்றன; வலை நீரில் தாழும்போது கற்கள் மேலே எழுகின்றன, ஆள்கள் சேர்ந்து கயிற்றை இழுக்கும்போது கற்கள் ஒவ்வொன்றாக இறங்க, வலை மீனோடு எழுகிறது. வலைக்காரர்கள் உங்களையும் கயிறு பிடிக்க அழைப்பார்கள். அழைப்பை ஏற்றால் அவர்களுக்கு ஏதேனும் கொடுப்பதுதான் முறை, அது அவர்கள் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

அங்கிருந்து தேவாலயம் அருகில்தான். 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்தது இங்கேதான். உடல் எச்சங்கள் 1539-இல் போர்ச்சுகலுக்குப் போய்விட்டாலும் கல்லறைக்கல் இருக்கிறது. கயிற்றால் இழுக்கும் பழைய துணி விசிறிகளையும் அண்ணாந்து பாருங்கள். மாலையில் நேரம் இருந்தால் ‘வெளி’ என்று பெயர் கொண்ட பகுதியிலுள்ள வண்ணார் துறைக்குப் போய் வாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே வேலை செய்கிறார்கள்; கல் தொட்டிகளுக்கு நடுவே நம் மொழி காதில் விழும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அது அவர்கள் பணியிடம் என்பதால், கேட்ட பிறகே படம் எடுங்கள்.

ஞாயிறு காலை மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் போகலாம். டச்சு அரண்மனை என்று பெயர் பெற்றிருந்தாலும் அதைச் சுமார் 1555-இல் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். டச்சுக்காரர்கள் பின்னர் புதுப்பித்தார்கள். பள்ளியறையின் இராமாயணச் சுவரோவியங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே 1568-இல் எழுந்த யூதர் வழிபாட்டுக்கூடம். அதன் தரையில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலவண்ணம் தீட்டிய ஓடுகள் பதித்திருக்கிறார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடையில்தான் உள்ளே போக வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைவிடப் புழுக்கமே அதிகம் வாட்டும். பிற்பகலில் இடியுடன் மழையும் வரும். நடுப்பகலைக் கூரையின் கீழ் கழியுங்கள், குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். திரும்புவதற்காக மீண்டும் ஃபோர்ட் கொச்சிக்குப் போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரித் துறையிலிருந்தே எர்ணாகுளத்துக்கு வாட்டர் மெட்ரோ உண்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே துறையில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய படகில் ஏறிவிடுங்கள்.