உங்களை நீங்களே படமெடுக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

வேறொருவரைப் படமெடுக்கும்போது வெளிச்சம் சரியில்லை என்றால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிவிடுவோம். நம்மை நாமே எடுக்கும்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை. கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய கண் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் முகபாவம், முடி, சட்டை எல்லாவற்றையும் சரிசெய்துகொள்கிறோம். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலாவது, உச்சி விளக்குக்குக் கீழே நிற்பது. வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் கண்குழி இருண்டுவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், கன்னம் ஒட்டியதுபோலத் தெரியும். "என் முகம் படத்துக்கு எடுபடாது" என்று பலர் முடிவுகட்டிவிடுவது இப்படி எடுத்த படங்களைப் பார்த்துத்தான். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் கோளாறு முகத்தில் இல்லவே இல்லை. பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போங்கள். கையை முகத்துக்கு நேராக நீட்டி, முஷ்டியை மடக்கி, அதைப் பார்த்தபடியே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் மூட்டுகளில் விழும் நிழல் ஒவ்வொரு திசையிலும் மாறுவது தெரியும். எந்தத் திசையில் மூட்டுகள் அழகாகத் திரண்டு தெரிகின்றனவோ, முகமும் அந்தத் திசையில் அப்படியே தெரியும். பெரும்பாலும் அது ஜன்னலை நேராகப் பார்க்கும் நிலையாக இருக்காது. ஜன்னல் உங்களுக்குச் சற்றுப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 டிகிரியில் இருக்கும் நிலையாக இருக்கும்.

ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதில் நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். தள்ளிப் போனால் வெளிச்சம் மென்மையாகும் என்பது அவர்கள் எண்ணம். தள்ளிப் போனால் வெளிச்சம் குறையும், மென்மையாகாது. நிழலின் விளிம்பு மென்மையாக இருப்பதற்குக் காரணம், முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளி வரும் பரப்பு பெரிதாகத் தெரிவதுதான். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனால் அது இருக்கும் தொலைவில் வானத்தில் ஒரு சின்ன வட்டமாகத்தானே தெரிகிறது? அதனால்தான் நேர் வெயிலில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகிறது. ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குள் நில்லுங்கள். நேர் வெயில் உள்ளே வந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைக் குறுக்கே கட்டுங்கள். இப்போது அந்தத் துணி முழுவதுமே விளக்காகிவிடும். சிறிய மேசை விளக்கு வைத்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தூரம் இரண்டு மடங்கானால் முகத்துக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது, ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பையும் எரியவிடுவது, இரண்டும் அடிக்கடி நடப்பவை. முன்னதில் கேமரா பின்னால் உள்ள வெளிச்சத்தைக் கணக்கிட்டு முகத்தைக் கருப்பாக்கிவிடும். பின்னதில் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் வரும். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500, மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. வெள்ளை வெள்ளையாகவே பதியச் செய்யும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பை ஏதாவது ஒன்றுக்குத்தான் பொருத்த முடியும். பல்பை அணைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

சரி, நிழலே வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சம அளவில் விளக்கு வைக்கலாமா? வேண்டாம் என்பேன். மூக்கும் தாடையும் கன்ன எலும்பும் இருப்பதைக் காட்டுவதே நிழல்தான். அதை அழித்தால் முகம் தட்டையாகிவிடும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தி, கிட்டே தள்ளியும் தூர நகர்த்தியும் பாருங்கள். எவ்வளவு நிழல் மிஞ்ச வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

அடுத்தது தூரம். கையை நீட்டி எடுத்தால் மூக்கு பெரிதாக வருகிறது என்று லென்ஸைக் குறை சொல்வார்கள். காரணம் தூரம்தான். மூக்குக்கும் காதுக்கும் ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளி. கேமரா 40 செ.மீ. தூரத்தில் இருந்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு 30 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். 2 மீட்டர் தள்ளி வைத்தால் அது 6 சதவீதமாகிவிடும். ட்ரைபாட் இல்லாவிட்டால் புத்தக அடுக்கு போதும். கண் உயரத்தில் வையுங்கள். போன் என்றால் லென்ஸை ஒருமுறை துடைத்துவிடுங்கள். விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் முழுக்க மங்கல்தான்.

கேமராவைத் தள்ளி வைத்ததும் ஃபோகஸ் சிக்கல் வந்துவிடும். டைமரை அழுத்தும் நேரத்தில் நீங்கள் அங்கே இல்லையே, கேமரா சுவரைப் பிடித்துக்கொள்ளும். நிற்கப்போகும் இடத்தில் ஒரு துடைப்பத்தையோ நாற்காலியையோ நிறுத்தி அதன்மேல் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸ் தானாக மாறாதபடி மேனுவலுக்கு மாற்றிவிட்டு, தரையில் டேப் ஒட்டி அதே இடத்தில் நில்லுங்கள். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சரை 1.8 வரை திறந்தால் சில சென்டிமீட்டர் சாய்ந்தாலே கண் தெளிவிழக்கும், 5.6 பக்கம் வைத்தால் அந்தக் கவலை குறையும். ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறினால் ஏறட்டும். படத்தில் கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அசைந்த கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

சட்டகத்தை இறுக்கமாக வைப்பதும் தவறு. 1839-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கார்னிலியஸ் தன்னையே எடுத்துக்கொண்ட படம், கேமராவில் பதிவான முதல் தன்னுருவப் படங்களில் ஒன்று. அதில் அவர் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறார். கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் எடுத்தால் இப்படி ஆகத்தான் செய்யும். நாலாபுறமும் இடம் விட்டு எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு டைமர், ஒரு படம் என்று ஓடி ஓடி எடுக்காமல், சில நொடிகளுக்கு ஒரு படம் தானாக எடுக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பத்தாவது படம் வரும்போதுதான் தோள்பட்டை இறங்கும்.

எடுத்த படத்தைப் பார்த்ததும் "இது நானே இல்லை" என்று அழித்துவிடாதீர்கள். நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடவலம் மாறிய முகம். கேமரா பதிவது மற்றவர்கள் பார்க்கும் முகம். படத்தை எடிட் செய்யும் இடத்தில் இடவலமாகத் திருப்பி ஒருமுறை பாருங்கள். திருப்பியதும் பிடித்துப்போனால் படத்தில் குறை எதுவும் இல்லை, தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.