கட்டுரையில் என்னைக் காணவில்லை

சென்னையில் பி.டி.எஸ். முடித்து, அமெரிக்காவில் மீண்டும் பல் மருத்துவம் படிப்பதற்காகக் கேப்பிட் (வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) வழியாக விண்ணப்பித்தபோது, 500 வினாக்கள் கொண்ட ஐ.என்.பி.டி.ஈ. என்னும் அமெரிக்கப் பல் மருத்துவத் தேர்வில் தேறிவிட்ட தெம்பில், விண்ணப்பத்தோடு தரவேண்டிய என்னைப் பற்றிய கட்டுரையை ஒரே இரவில் எழுதினேன். முதல் ஆண்டில் ஒரு கல்லூரியிலிருந்து மட்டுமே நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கும் இடம் கிடைக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் படித்தபோது, "சிறுவயதுக் கனவு" என்று தொடங்கிய அதில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது புரிந்தது. அதை அழித்துவிட்டு, பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழையாத நிலையில் முகாமுக்கு வந்த லாரி ஓட்டுநர் ஒருவரைப் பற்றியும், அவரிடம் பேசத் தெரியாமல் அன்று நான் திணறியதைப் பற்றியும் எழுதினேன்.

சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வுதான் அடுத்த பெரிய சிக்கல். பீங்கான் கிரவுனுக்காகச் (பல்லின் மேல் மாட்டும் உறை) செயற்கைப் பல்லைச் செதுக்கும்போது கண்ணளவை நம்பி அதிகம் வெட்டிவிடுவேன். செதுக்குமுன் பட்டி (putty) என்னும் மாவு போன்ற பொருளால் அச்செடுத்து, அதை நடுவில் அறுத்து, செதுக்கிய பல்லின் மேல் வைத்து, மேற்பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று புரோப் என்னும் அளவுக்குறி கொண்ட மெல்லிய கருவியால் அளக்கப் பழகினேன். பல்லின் பக்கச் சரிவைப் பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரு கண்ணாலும் பார்த்தால் அடிவெட்டு, அதாவது அடிப்பகுதி உள்வாங்கி வெட்டுப்பட்டிருப்பது, தெரியாமல் போகும்.

நேர்முகத்துக்கு மனப்பாடத்தைக் கைவிட்டு, பதில்களைக் கைபேசியில் பதிவுசெய்து கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. மறு ஆண்டு மூன்று அழைப்புகள் வந்தன. அவற்றில் இரண்டாவது கல்லூரியில் சேர்ந்தேன்.