இரத்த அணு ஆய்வில் ஒப்பீட்டுப் புரதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுத்தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தை அதோடு ஒட்டும் ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் முறையே வெஸ்டர்ன் பிளாட். அதைச் செய்யும்போது ஜெல்லின் எல்லாக் குழிகளிலும் மாதிரி சமமாக ஏற்றப்பட்டதா என்று சரிபார்க்கவே லோடிங் கண்ட்ரோல் எனப்படும் ஒப்பீட்டுப் புரதம் தேவைப்படுகிறது. ஆய்வகக் குளிர்பெட்டியில் பீட்டா-ஆக்டின் (அணுவின் உட்சட்டகப் புரதம்) ஆன்டிபாடியோ ஜிஏபிடிஎச் (குளுக்கோஸைச் சிதைக்கும் நொதி) ஆன்டிபாடியோ இருக்கிறது என்பதற்காக, அதையே இரத்த அணுக்களுக்கும் எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. ஆகவே லாமின் பி1, ஹிஸ்டோன் எச்3 போன்ற உட்கருப் புரதங்கள் அங்கே பயன்படா. அவற்றின் பட்டை தெளிவாகத் தெரிந்தால், வெள்ளையணு கலந்துவிட்டதோ என்றே முதலில் ஐயுற வேண்டும். ஜிஏபிடிஎச் விஷயம் இன்னும் நுட்பமானது. சிவப்பணுவில் அதன் ஒரு பகுதி சவ்விலுள்ள பேண்ட் 3 புரதத்தோடு ஒட்டியிருக்கும். கழுவும் கரைசலில் உப்புச் செறிவு கூடினால் பிரிந்து போய்விடும். எனவே சவ்வை மட்டும் பிரித்து ஆராய்பவர் நோயாளிக்கும் நலமானவருக்கும் இடையே காணும் வேறுபாடு, உண்மையில் கழுவிய விதத்தில் வந்ததாக இருக்கலாம். முழு அணுவை எடுத்தாலோ, அதில் கரைந்துள்ள புரதத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஹீமோகுளோபின்தான். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தவரின் அணுவில் ஹீமோகுளோபின் குறைவு என்பதால், மைக்ரோகிராம் கணக்கில் புரதத்தைச் சமமாக்கினால் அணுக்களின் எண்ணிக்கை சமமாகாது. இங்கே அணுக்களை எண்ணி ஏற்றுவதே நேர்மையான வழி என்பது என் உறுதியான கருத்து.

தட்டணுக்களில் நிலைமை வேறு. அவற்றின் மொத்தப் புரதத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை ஆக்டினே இருப்பதால், அதன் பட்டை எளிதில் செறிவுற்று, ஏற்றிய அளவு இரட்டித்தாலும் ஒன்றுபோலவே தெரியும். மேலும், தட்டணு தூண்டப்பட்டவுடன் ஆக்டின் இழைகளாகத் திரண்டு, அணுவைக் கரைக்கும் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளின் கரைசலில் கரையாத பகுதிக்குப் போய்விடும். மையவிலக்கிய பின் மேல்நீரை மட்டும் எடுப்பவருக்கு அது குறைந்ததுபோலத் தோன்றும். இந்தத் தூண்டல் மருந்தால் மட்டும் வருவதன்று. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எடுத்த இரத்தத்தைச் சித்திரை வெயிலுக்கு அஞ்சி ஐஸ் பெட்டியில் மதுரைக்குக் கொண்டுவந்தால், குளிரே தட்டணுவின் வடிவத்தை மாற்றி ஆக்டினைத் திரட்டிவிடும். 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், குலுக்காமல் கொண்டுவர வேண்டும்.

லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களைத் தூண்டினால் குளுக்கோஸ் சிதைவு பெருகி ஜிஏபிடிஎச் உயரும் என்பதால், தூண்டிய மாதிரியையும் தூண்டாததையும் அதைக்கொண்டு ஒப்பிடுவது பொருந்தாது. நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்களில் எலாஸ்டேஸ் போன்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் ஒப்பீட்டுப் புரதத்தையே சிதைத்துவிடும். அந்த நொதிகளின் தடுப்பான்களை முன்கூட்டியே சேர்க்காவிட்டால் எந்தத் தேர்வும் பயன் தராது.

எந்தப் புரதத்தைத் தேர்ந்தாலும், அதே அணுவில், அதே சோதனை நிலையில், 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என ஏற்றி, பட்டையின் அடர்த்தி அளவோடு சேர்ந்து ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளையணு மாதிரிகளில், ஆன்டிபாடி சேர்ப்பதற்கு முன்பே சவ்வுத்தாளை, எல்லாப் புரதங்களுக்கும் நிறமேற்றும் பான்சோ எஸ் சாயத்தில் நனைத்துப் படமெடுத்து, மொத்தப் புரதத்தோடும் ஒப்பிடலாம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.