நேம்சர்வர் மாறியது, மெயில் நின்றது

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவரின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புது ஹோஸ்டிங்காரர்கள் சொன்னபடி கடையில் டாட் காம் டொமைனின் நேம்சர்வரை, அதாவது அந்தப் பெயருக்கான முகவரி விவரங்களைச் சொல்லும் சர்வரை, மாற்றிவிட்டார்கள். தளம் நன்றாகத் திறந்தது. ஆனால், "தம்பி, வெளியூர் ஆர்டர் மெயில் ஒண்ணுகூட வரலப்பா" என்று அண்ணன் போன் செய்தார்.

நேம்சர்வரை மாற்றினால் பழைய டிஎன்எஸ் பதிவுகள் (தளம் எங்கே, மெயில் எங்கே என்று சொல்லும் குறிப்புகள்) தாமாகக் கூடவே வராது. புது இடத்தில் தளம் இருக்கும் சர்வரின் முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டு இருந்தது, மெயிலை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் இல்லை. எம்எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்பும் சர்வர் ஏ ரெக்கார்டு காட்டும் முகவரிக்கே மெயிலைக் கொண்டுபோகும். அங்கே அந்த மெயில் பெட்டியே கிடையாது, அதனால் திருப்பி அனுப்பிவிட்டது.

பழைய பதிவுகளை யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. நல்லவேளை, பழைய நேம்சர்வரில் அவை அழியாமல் இருந்தன. டிஎன்எஸ் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் என்எஸ்லுக்கப் கட்டளையில் டொமைனுக்குப் பின்னால் பழைய நேம்சர்வரின் பெயரையும் கொடுத்தால் அது நேரடியாகப் பதில் சொல்லும். எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (எழுத்துக் குறிப்புப் பதிவு) இரண்டும் அப்படித்தான் கிடைத்தன. மெயிலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம் பதிவைக் கேட்க, அதை அடையாளம் காட்டும் செலக்டர் பெயர் வேண்டும். கடையிலிருந்து முன்பு போன மெயிலின் ஹெட்டரில் (மெயிலோடு கூடவே போகும் தலைப்பு விவரங்களில்), 'எஸ்' என்ற எழுத்துக்கு நேராக அது இருந்தது.

அப்புறம் எஸ்பிஎஃப், அதாவது டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பிழை. புது ஹோஸ்டிங் போட்டிருந்ததையும் பழையதையும் ஒரே வரியில் சேர்த்தேன். எல்லாப் பதிவுகளையும் புது நேம்சர்வரில் போட்டதும் அன்றே மெயில் வரத் தொடங்கியது.

டாட் காம் நேம்சர்வர் தகவலை ரிசால்வர்கள் (நமக்காக நேம்சர்வர்களிடம் கேட்டுச் சொல்லும் சர்வர்கள்) 2 நாள்வரை நினைவில் வைத்திருக்கலாம். அதுவரை பழைய ஹோஸ்டிங் கணக்கை மூட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.