ஜெர்மன் விவாகரத்து ஆவணத்தில் 'ஏயெவோனுங்': ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ஜெர்மன் குடும்ப நீதிமன்ற உத்தரவு ஒன்றை லண்டன் வழக்கறிஞர் ஒருவருக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தேன். அப்போது தடுமாறிய இடங்கள்தான் இவை. உங்களுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் 'ஏயெவோனுங்', அதாவது தம்பதி சேர்ந்து வாழ்ந்த வீடு. சொல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் சட்டப்பிரிவு எண்ணைப் பாருங்கள். ஜெர்மன் சிவில் சட்டமான பிஜிபியில் 1361பி என்றால் தம்பதி பிரிந்து வாழும் காலம். 1568ஏ என்றால் விவாகரத்து. இரண்டிலும் வீட்டுக்குப் பெயர் ஏயெவோனுங்தான். இங்கிலாந்துக்குப் போகும் ஆவணத்தில் 'மேட்ரிமோனியல் ஹோம்', அமெரிக்காவுக்கு 'மேரிட்டல் ரெசிடென்ஸ்'. எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை மாற்றாதீர்கள்.

அடுத்தது 'ஊபர்லாசுங்', அதாவது பயன்படுத்த விட்டுக்கொடுத்தல். நான் சறுக்கியது இங்கேதான். அகராதியில் கண்ணில் பட்ட 'டிரான்ஸ்ஃபர்' என்பதைப் போட்டுவிட்டேன். படித்த வழக்கறிஞர், "வீடு மனைவி பெயருக்கு மாறிவிட்டதா?" என்று கேட்டார். மாறவில்லை. வீடு கணவர் பெயரிலேயே இருந்தது. மனைவி மட்டும் அதில் குடியிருக்கலாம், அவ்வளவுதான் உத்தரவு. 1361பி-யில் இந்தச் சொல்லோடு 'தனிப் பயன்பாட்டுக்கு' என்றும் சேர்ந்தே வரும். அதை விடாமல் 'சோல் யூஸ்' என்று எழுதுங்கள், உரிமை மாறியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். 'ஆக்குபேஷன் ஆர்டர்' என்று எழுதவும் கை துறுதுறுக்கும். வேண்டாம். அது இங்கிலாந்தின் 1996 குடும்பச் சட்டத்தில் உள்ள உத்தரவு. அதன் நிபந்தனைகள் வேறு.

அப்புறம் 'கெவோன்லிஷர் ஆஃப்எந்த்ஹால்ட்', அதாவது ஒருவர் வழக்கமாக வாழும் இடம். இது வீட்டைப் பற்றியதே அல்ல. பெரும்பாலும் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற கேள்வியில்தான் வரும். 'ஹேபிச்சுவல் ரெசிடென்ஸ்' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதாதீர்கள். 'வோன்சிட்ஸ்' (வசிப்பிடம்) வந்தால் 'ரெசிடென்ஸ்' போதும். 'டொமிசைல்' என்றால் ஆங்கிலேயச் சட்டத்தில் பொருளே வேறு.

சரிபார்க்க நான் நம்புவது இரண்டு. ஜெர்மன் நீதி அமைச்சகத்தின் 'கெசெட்சே இம் இன்டர்நெட்' தளத்தில் பிஜிபியின் ஆங்கில வடிவம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸில், திருமண வழக்குகளை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று சொல்லும் 2019/1111 ஒழுங்குவிதியை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கலாம். தானியங்கி மொழிபெயர்ப்பை இந்தச் சொற்களுக்கு நான் தொடுவதில்லை.

பின்னர் சேர்த்தது: 'கெட்ரென்ட்லேபன்' (பிரிந்து வாழ்தல்) என்று எழுதியிருந்தும் இருவருக்கும் ஒரே முகவரி இருக்கிறதே, பிழையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பிழையில்லை. பிரிவு 1567-இன்படி ஒரே வீட்டுக்குள்ளும் பிரிந்து வாழலாம். ஆகவே 'லிவிங் அபார்ட்' என்று மட்டும் எழுதுங்கள். 'தனித்தனி வீடுகளில்' என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.