பெரிய கத்தியை காட்டு நடையில டெஸ்ட் பண்றது எப்படி

9 இன்ச் பிளேடு இருக்கிற மடக்காத கத்தி வாங்கியிருக்கீங்கன்னா முதல்ல இடத்தை யோசிங்க. எழுத்துல அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள கொண்டு போகவே கூடாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கத்தியும் ஆயுதம்தான். ஏற்காடு பக்கம் தெரிஞ்சவங்க காபி எஸ்டேட் இருந்தா கேட்டுட்டு போங்க, நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்ல கழிச்சுப் போட்ட கிளை காஞ்சு கிடக்கும், அது போதும். பச்சை மரத்துல கை வைக்காதீங்க ப்ளீஸ்.

ஏத்தத்துல கொஞ்ச தூரம் இடுப்புல கட்டிட்டு நடங்க, உறை தொடையில இடிச்சா அதுவே ஒரு ரிசல்ட்.

வெட்டும்போது முட்டி போட்டுக்கோங்க, குறி தப்பினாலும் கத்தி மண்ணுல இறங்கும், கால்ல இல்ல. நேரா கொத்தாம ரெண்டு பக்கமும் சாய்ச்சு வெட்டினா சில்லு தெறிச்சு வி மாதிரி பள்ளம் விழும். அடுத்து பிளக்கறது, மணிக்கட்டு கனத்துல கணு இல்லாத துண்டை நிக்க வச்சு, மேல கத்தியை வச்சு முதுகுல கட்டையால தட்டுங்க, கல்லால தட்டவே தட்டாதீங்க. முனை ஒரு விரல் நீளமாவது வெளிய நீட்டிட்டு இருக்கணும், அப்பதான் உள்ள இறங்கினதுக்கப்புறமும் தட்ட இடம் கிடைக்கும்.

இப்ப உள்ளங்கையைப் பாருங்க, எங்க செவந்திருக்கோ அங்க பிடி சரியில்ல. கத்தியோட கூர் விளிம்பை வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, மினுக்குன்னு புள்ளி தெரிஞ்சா அங்க மடங்கியிருக்கு. பிளேடு 1095ங்கிற ரகம் மாதிரி கார்பன் ஸ்டீல்னா பிசினைத் துடைச்சு அன்னிக்கே எண்ணெய் போடுங்க, ஈரத்தோட தோல் உறையில விட்டா துரு பிடிச்சிரும்.