வாய் சொல்வது ஒன்று, தோள் சொல்வது ஒன்று: ஒபீடியன்ஸ் போட்டிக்கு ஹேண்ட்லரின் உடலைப் பழக்குவது

ஒபீடியன்ஸ் போட்டி என்றால் நாய் கட்டளைக்குக் கீழ்ப்படிவதைப் பார்த்து நடுவர் புள்ளி போடும் போட்டி. அதில் நாயை நடத்துபவர்தான் ஹேண்ட்லர். முதலில் ஒரு சின்னச் சோதனை. நாய்க்கு முதுகைக் காட்டி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் "ஸிட்" சொல்லுங்கள். எதிரே ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு முறை, தரையில் மல்லாந்து படுத்து ஒரு முறை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை. வீட்டில் சொன்ன மாத்திரத்தில் உட்காரும் நாய் இப்போது திருதிருவென்று முழித்தால், அது அடம்பிடிக்கிறது என்று நினைக்க வேண்டாம். "ஸிட்" என்ற சொல்லை அது இன்னும் கற்கவே இல்லை. அந்தச் சொல்லோடு உங்கள் தாடை ஓர் அங்குலம் இறங்குவதையும், இடுப்பு லேசாக முன்னே வளைவதையும்தான் கற்றிருக்கிறது.

சொல்லும் அசைவும் ஒரே நேரத்தில் வந்தால் நாய் அசைவைத்தான் பிடித்துக்கொள்ளும். அசைவைப் பார்ப்பது அதற்குச் சுலபம். சொல் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடும். ஆகவே புதிதாகக் கற்றுக்கொடுக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் சொல், பிறகு அரை நொடி சிலைபோல நிற்பது, அதன் பிறகே கை. சில நாள் இப்படிச் செய்தால், கை வருவதற்கு முன்பே நாய் சொல்லுக்கு வேலை செய்யத் தொடங்கும். அந்த அரை நொடியை விழுங்கிவிட்டு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தாலும் பலன் இல்லை.

பெர்லினில் கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொன்ன ஹான்ஸ் என்ற குதிரையை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907-இல் உண்மையை வெளிக்கொண்டுவந்தார். கேள்வி கேட்டவரின் தலை, சரியான எண்ணிக்கை வந்ததும் தன்னையறியாமல் லேசாக நிமிரும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. நமக்கு வேண்டிய பாடம் அடுத்ததுதான்: காரணம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலை அசைவை முழுதாக அடக்க முடியவில்லை. "இனி அசைய மாட்டேன்" என்ற வைராக்கியம் மட்டும் போதாது. வீடியோவும் நாயில்லாத பயிற்சியும் வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்குப் புள்ளிக் கணக்கே விடை. நாய்ப் போட்டிகளை நடத்தும் அமெரிக்கக் கென்னல் கிளப்பின் நாவிஸ் (தொடக்கநிலை) வகுப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 200 புள்ளி. தேற 170 வேண்டும், போட்டியில் செய்யும் ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். லீஷோடு (கையில் பிடிக்கும் வாரோடு) ஹீலும் (நாய் இடப்பக்கம் ஒட்டி நடப்பது) எட்டு வடிவ நடையும் 40, லீஷ் இல்லாத ஹீல் 40. ஆக 80 புள்ளி நடையில்தான். நடுவர் அரை அரைப் புள்ளியாகக் கிள்ளி எடுக்கும் இடமும் அதுதான். வேறு அமைப்பின் போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் அதன் விதிப்புத்தகத்தைத் தனியாகப் படியுங்கள். கை வைக்கும் விதி இடத்துக்கு இடம் மாறும்.

மேற்சொன்ன கிளப்பின் விதிப்படி லீஷ் இல்லாத ஹீலில் கைகளுக்கு இரண்டே நிலைதான். இரண்டு கையும் இயல்பாகப் பக்கவாட்டில் ஆடலாம். அல்லது இடது கையை வயிற்றின் நடுவே, முன்கை உடலை ஒட்டியபடி வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் இயல்பாக ஆட விடலாம். இதில் ஒன்றை முதல் நாளே தேர்ந்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் இடது கையில் தின்பண்டத்தை ஆட்டி ஆட்டி நடத்திவிட்டு, போட்டியன்று அந்தக் கையை வயிற்றில் ஒட்டினால் நாய்க்கு அது வேறு ஆள்.

தோள்

ஹீல் நிலை என்றால் நாயின் தலையிலிருந்து தோள் வரையுள்ள பகுதி உங்கள் இடது இடுப்புக்கு நேராக இருப்பது. நாய் அந்த இடத்தை அளந்து பிடிப்பது உங்கள் இடது தோளின் கோட்டை வைத்து. இடது தோள் பின்னே போனால் நாயும் பின்தங்கும். தோள் முன்னே வந்தால் நாயும் முந்தும், பின்பகுதியை வெளியே தள்ளி நண்டுபோல நடக்கும்.

பின்தங்கும் நாயை ஹேண்ட்லர் என்ன செய்கிறார்? "வருகிறதா" என்று இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார். பார்த்ததும் இடது தோள் நான்கு அங்குலம் பின்னே போகிறது. நாய், "ஓ, இன்னும் பின்னே வர வேண்டுமா" என்று மேலும் தங்குகிறது. அவர் இன்னும் திரும்புகிறார். பின்தங்கும் நாய்களில் பாதிப் பேரை உருவாக்கியது இந்தச் சுழல்தான் என்று துணிந்து சொல்லலாம்.

இதைச் சரிசெய்ய வீட்டுத் துடைப்பக் கட்டை போதும். கழுத்துக்குப் பின்னால் தோள்களின் மேல் குறுக்காக வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாய் இல்லாமல் தரை ஓட்டின் கோட்டைப் பார்த்து நடங்கள். கட்டை கோட்டுக்குச் செங்குத்தாகவே இருக்க வேண்டும். பின்பு நாய் இருப்பதாக நினைத்து இடப்பக்கம் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள். கட்டை எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்துவிடும். காலை ஏழு மணி வெயிலில் முதுகுப்பக்கம் சூரியன் இருக்கும்படி நடந்தால் நிழலே காட்டிக்கொடுக்கும்.

பார்வையை 10 முதல் 15 அடி தூரத்தில் தரையில் நிறுத்துங்கள். நாயின் மூக்கு நுனி கடைக்கண்ணில் மங்கலாகத் தெரிந்தால் போதும். குட்டை நாய் என்றால் அதுவும் தெரியாது. அப்போது எதிரே கண்ணாடிக் கதவோ நிறுத்திய காரோ இருக்கும் இடமாகப் பார்த்துப் பழகுங்கள், அல்லது வேறொருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். குனிந்து பார்க்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. டாக்ஸ்ஹண்டின் மேல் ஒரு மனித உடல் கவிழ்ந்தால், அது ஒரு முழம் தள்ளித்தான் நடக்கும். தள்ளி நடப்பதற்கும் புள்ளி குறையும்.

தின்பண்டம் கொடுக்கும் கையும் தோளைக் கெடுக்கும். வலது பையிலிருந்து எடுத்து வலது கையால் உடலுக்குக் குறுக்கே நீட்டினால், நாய் அந்தக் கையைத் தேடி உங்கள் முழங்காலைச் சுற்றி முன்னே வளையும். வலது கையால் எடுத்து, முதுகுக்குப் பின்னால் இடது கைக்கு மாற்றி, பேண்ட்டின் இடது தையல் ஓரத்தில் நாயின் வாய் உயரத்துக்கு இறக்கிக் கொடுங்கள். எந்த இடத்தில் தீனி கிடைக்கிறதோ அந்த இடத்தில்தான் நாய் குடியிருக்கும்.

பாதம்

போட்டி வளையத்துக்குள் தின்பண்டம் கிடையாது, கூடுதல் கட்டளை கிடையாது. ஆனால் கால் எடுத்து வைப்பதை யாரும் தடுக்க முடியாது. இயல்பான நடைக்குள் ஒளிந்திருக்கும் சட்டப்படியான உதவி அது ஒன்றுதான். அதனால்தான் தேர்ந்த ஹேண்ட்லர்கள் நாயைவிடத் தங்கள் காலுக்கு அதிக நேரம் செலவிடுகிறார்கள்.

கிளம்பும்போது ஹீல் என்றால் இடது கால் முதலில், ஸ்டே (அங்கேயே இரு) சொல்லி விட்டுப் போகிறீர்கள் என்றால் வலது கால் முதலில். நாய்க்குப் பக்கத்தில் இருப்பது இடது கால். அது நகர்ந்தால் "வா". ஒரே ஒரு நாள் கூட மாற்ற வேண்டாம்.

நிற்கும்போது, நடுவர் "ஹால்ட்" என்றதும் சட்டென்று பிரேக் போட்டால் நாய் அரை உடல் முன்னே போய்த்தான் உட்காரும். கடைசி இரண்டு அடியைச் சற்றே சுருக்குங்கள். வலது பாதத்தை ஊன்றி, இடது பாதத்தை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேருங்கள். இடது பாதம் வந்து சேரும் அந்த நொடிதான் நாய்க்கு உட்காரும் குறிப்பு. இதில் செய்யும் பெரிய தவறு, அடியைச் சுருக்கும்போது முதுகையும் பின்னே சாய்ப்பது. சாய்ந்தால் தோள் பின்னே போகும், நாய் கோணலாக உட்காரும்.

வலது திரும்பலுக்கு இடது பாதத்தை வலப்பக்கம் திருப்பி ஊன்றி, வலது காலால் புதிய திசையில் போங்கள். இடது திரும்பலுக்கு வலது பாதத்தை இடப்பக்கம் திருப்பி ஊன்றி, இடது காலை எடுங்கள். இடது திரும்பலில் நாய் உங்கள் வழியில் இருக்கிறது. முட்டிக்கொள்வது அங்கேதான். திரும்புவதற்கு ஒரு காலடி முன்பே தலையும் தோளும் இடப்பக்கம் போகத் தொடங்கட்டும். இடது தோள் பின்வாங்குவதைப் பார்த்து நாய் தானே ஒதுங்கி இடம் கொடுக்கும். மேலே திட்டிய அதே தோள் அசைவு இங்கே மட்டும் பயன்படுகிறது.

அபவுட் டர்ன் (வந்த திசைக்கே திரும்புவது) வலப்பக்கமாக. ஹேண்ட்லர்கள் இதில் பேருந்துபோல வட்டமடித்துத் திரும்புகிறார்கள். நாய்க்கு ஓட வேண்டிய தூரம் கூடிவிடும், வெளியே விலகும். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் திரும்ப வேண்டும். இடது கால் முன்னே வருகிறது. வலது பாதத்தை அதன் பெருவிரலுக்கு முன்னே குறுக்காக, குறுக்குக் கட்டைபோல வைக்கவும். இடது பாதத்தைச் சுழற்றி, இரண்டு பெருவிரலும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வைக்கவும். வலது பாதத்தை இழுத்து இடதின் பக்கத்தில் சேர்க்கவும். இப்போது வந்த திசையைப் பார்த்து நிற்கிறீர்கள். இடது காலால் கிளம்பவும். எந்த இடத்திலும் தாளம் நிற்கக் கூடாது, அடிகள் மட்டும் சிறிதாகும். சாக்பீஸால் தரையில் பாதங்களை வரைந்து, நாயைக் கட்டிப்போட்டுவிட்டு முப்பது தடவை செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பார்ப்பார், பார்க்கட்டும்.

தாளத்துக்குப் போனில் மெட்ரோனோம் செயலி போதும். நிமிடத்துக்கு 110 முதல் 120 காலடி வரை வைத்துப் பாருங்கள். உங்கள் நாய் எதில் தலை நிமிர்த்தித் துள்ளலாக நடக்கிறதோ அதை நிலையான வேகமாக்கிக்கொள்ளுங்கள். எட்டு வடிவ நடையில் இது கட்டாயம் வேண்டும். எட்டு அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு பேரைச் சுற்றி வரும்போது, இடச் சுற்றில் நாய் உள்வட்டத்தில் மெதுவாகவும் வலச் சுற்றில் வெளிவட்டத்தில் வேகமாகவும் போக வேண்டும். நீங்கள் ஒரே வேகம்தான். நாய்க்காக நீங்கள் வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் நடுவர் அந்தப் பயிற்சியில் தேற விடமாட்டார்.

முன்னால் வந்து உட்காருவது

ரீகாலில் (கூப்பிட்டு வரவழைப்பதில்) நாய் ஏறத்தாழ 35 அடி தூரத்திலிருந்து ஓடி வந்து உங்கள் முன் நேராக உட்கார வேண்டும். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்க வேண்டும். நாய் எட்டி உட்கார்ந்தால் முதலில் உங்கள் இடுப்பைப் பாருங்கள். வருகிற நாயை ஆவலாக வரவேற்கக் குனிகிறீர்கள். குனிந்த உடல் நாய்க்குச் "சற்றுத் தள்ளி நில்" என்கிறது. பயிற்சியில் எடையைக் குதிகாலுக்கு மாற்றி நில்லுங்கள், நாய் ஒட்டி வரும். அது பழக்கமானதும் நிமிர்ந்த நிலைக்கு வந்துவிடுங்கள்.

கோணலாக உட்கார்ந்தால், நாய் வரும் பக்கத்துக்கு உங்கள் தலை திரும்புகிறதா என்று பாருங்கள். தலை போனால் தோள் போகும், நாய் தோளுக்கு நேராகத்தான் அமரும். நாயைச் சரிசெய்யப் பாதத்தை நகர்த்துவது பயிற்சியில்கூட வேண்டாம். உங்கள் கால்களுக்கு முன்னே நாயின் அகலத்துக்கு இரண்டு பி.வி.சி. குழாய்களைத் தரையில் வைத்து வாய்க்கால் ஆக்குங்கள். நேராக வந்தால் வயிற்றின் நடுவிலிருந்து தின்பண்டம். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குழாயைப் பின்னுக்கு இழுத்து எடுத்துவிடலாம்.

கைச் சைகை

யூடிலிட்டி (மேல்நிலை) வகுப்பில் ஏறத்தாழ 40 அடி தூரத்தில் நிற்கும் நாயைக் கையால் மட்டும் படுக்க, உட்கார, வரச் செய்ய வேண்டும். நாய்க்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. வெளிர் நிறக் கை வெள்ளைச் சட்டையின் முன்னே மறையும். அடர்நிறச் சட்டையென்றால் முழுக்கை வேண்டாம். சைகைக்கு முன் கை அசையாமல் தொங்கியிருக்க வேண்டும். ஏற்கனவே மூக்கைத் தொட்ட கை, லீஷைச் சரிசெய்த கை எல்லாம் நாய்க்குச் சைகையாகத்தான் படும். சைகை முடிந்ததும் கையை உடனே கீழே விடுங்கள், அதுவும் விதி. துப்பட்டா, தொளதொள பேண்ட் வேண்டாம். ஹீலில் அவை நாயின் கண்ணில் அடிக்கும்.

வளையத்துக்குள்

போட்டியன்று ஹேண்ட்லரின் அடி குறுகும், மூச்சு மேலே ஏறும், தோள் காதை நோக்கிப் போகும். நாய் இந்த ஆளைப் பார்த்ததே இல்லை. ஆகவே அந்த ஆளையும் வீட்டிலேயே அறிமுகப்படுத்துங்கள். முன்பின் அறியாத ஒருவரை நடுவராக நிறுத்தி, "ரெடியா?" என்று கேட்கச் சொல்லி, பதில் சொன்ன பிறகு மூன்று நொடி நின்று, அதன் பிறகே "ஃபார்வேர்ட்" என்று கூப்பிடச் சொல்லுங்கள். பலரும் "ரெடி" என்றதுமே மூச்சை இழுத்து முன்னே சாய்கிறார்கள். நாய் அந்த மூச்சுக்கே கிளம்பிவிடும். பத்துத் தடவை மூச்சை இழுத்து, அதில் ஐந்து தடவை எங்கும் போகாமல் நில்லுங்கள். மூச்சுக்குப் பொருள் இல்லையென்று அது புரிந்துகொள்ளும்.

கடைசி ஹால்ட்டில் இதே சிக்கல் தலைகீழாக வரும். நின்றதும் "அப்பாடா" என்று தோளைத் தளர்த்துவீர்கள். நாயும் எழுந்துவிடும், நடுவரோ இன்னும் "எக்சர்சைஸ் ஃபினிஷ்ட்" சொல்லியிருக்க மாட்டார். பயிற்சியில் ஒவ்வொரு கடைசி ஹால்ட்டிலும் மனத்துக்குள் ஐந்து எண்ணி, பிறகு சொல்லால் விடுவித்து, அதற்குப் பிறகே தோளை இறக்குங்கள்.